பதினோராவது வால்

கருமுகில் மலையின் அடிவாரத்தில் வற்றாத குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் பதினொரு விலங்குகள் சேர்ந்து ஒரு மலையேற்றச் சங்கம் வைத்திருந்தன. கடமான் தலைவர், குரங்கு செயலாளர். நரி, முயல், கீரி, காட்டுப்பன்றி, இன்னும் சில பேர் உறுப்பினர்கள். எல்லோரிலும் கால் குட்டை, அந்தக் காலுக்கு உடம்பு பெரிது, பெருச்சாளி செங்கமலத்துக்குத்தான்.

மாதம் ஒரு முறை விடியற்காலையில் குளக்கரையில் கூடி, மூன்று இடங்களில் தங்கி, உச்சிப் பாறை வரை ஏறிவிட்டு வருவது சங்கத்தின் வழக்கம். தனியாக யாரும் ஏற மாட்டார்கள். நடுவழியில் சிறுத்தை இருந்தது. பதினொரு பேர் சலசலவென்று கூட்டமாகப் போனால் அது எட்டிக்கூடப் பார்க்காது. தனியாகப் போனால் எட்டிப் பார்ப்பதோடு நிற்காது.

சங்கம் என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் விதிகள் தானாக முளைத்துவிடும். இந்தச் சங்கத்திலும் மூன்று விதிகள் முளைத்திருந்தன. தலைவர் இல்லாமல் யாரும் ஓரடி ஏறக் கூடாது என்பது முதல் விதி. மூன்று முறை உச்சியை எட்டாதவர் பெயரை அடித்துவிடுவது என்பது இரண்டாவது. மூன்றாவது விதி வாலைப் பற்றியது.

மலையில் வழி நெடுகப் புல் உயரமாக வளர்ந்திருக்கும். உள்ளே உட்கார்ந்தால் முகம் தெரியாது. அதனால் ஒவ்வொரு தங்குமிடத்திலும் குரங்கு ஒரு கிளையில் ஏறி நின்று, "வாலைத் தூக்குங்கள்" என்று கத்தும். எல்லாம் வாலைப் புல்லுக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். குரங்கு முதலில் தன் வாலைக் கையில் பிடித்து 'ஒன்று' என்று ஆரம்பிக்கும். முயலின் வாலைக் கண்டுபிடிக்க மட்டும் கொஞ்சம் தாமதமாகும். பதினொரு வால் சேரும் வரை ஒருவரும் நகரக் கூடாது. பதினொன்று சேர்ந்த கணமே கிளம்பிவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதாதா என்று முயல் ஒரு நாள் கேட்டது. பெயருக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், வால் பொய் சொல்லாது என்று குரங்கு அதன் வாயை அடைத்துவிட்டது.

செங்கமலம் ஏற்கெனவே இரண்டு முறை உச்சியை எட்டாமல் போயிருந்தது. இரண்டு முறையும் மூன்றாவது தங்குமிடத்தில் கால் மடங்கி விழுந்து, பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, மற்றவை இறங்கி வரும் வரை காத்திருந்தது. இந்த முறையும் ஏறவில்லை என்றால் பெயர் போய்விடும்.

பெயர் போவதைப் பற்றி அது கவலைப்படவில்லை. கவலை தங்கை பூங்காவனத்தைப் பற்றி. பூங்காவனம் உச்சிப் பாறைக்குக் கீழே வளை தோண்டிக் குடியிருந்தது. மூன்று குட்டிகள். பெரியம்மா ஒரு குட்டியைக்கூடப் பார்த்ததில்லை. மழை தொடங்குவதற்குள் குடும்பத்தோடு மலையின் மறுபக்கம் இறங்கிவிடப் போவதாக மைனா வந்து சேதி சொல்லியிருந்தது. மறுபக்கம் போய்விட்டால் பிறகு எந்தச் சங்கமும் அங்கே கூட்டிப் போகாது. ஆக, பார்த்தால் இன்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லை.

அன்றைய நடை வழக்கம்போல ஆரம்பித்தது. கடமான் முன்னால் தாவித் தாவிப் போனது. அதை விட்டுவிடக் கூடாது என்று மற்றவை ஓடின. செங்கமலம் கடைசியில் நடந்தது. போகிற போக்கில் ஆளாளுக்கு அதற்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும் என்றது கீரி. எட்டி அடி வைக்க வேண்டும் என்றது முயல். சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்றது காட்டுப்பன்றி. அதுவும் யார் சொல்வது பாருங்கள், காட்டுப்பன்றி!

முதல் தங்குமிடம் வழுக்குப் பாறை. மற்றவை எப்போதோ வந்து சேர்ந்து, நிழல் பார்த்துப் படுத்து, கதை பேசிக் களைத்தே போயிருந்தன. செங்கமலம் புல்லை விலக்கிக்கொண்டு வந்தது. வாலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கியது.

"பதினொன்று. எல்லோரும் வந்தாயிற்று. கிளம்பலாம்" என்றது குரங்கு.

எல்லாம் உடம்பை உதறிக்கொண்டு எழுந்தன.

"நான் இப்போதுதானே வந்தேன்" என்றது செங்கமலம்.

கடமான் திரும்பிப் பார்த்தது. கடமானுக்குக் கோபம் வராது. தொல்லையே அதுதான். கோபப்படுகிறவரோடு சண்டை போடலாம். பெருந்தன்மை காட்டுகிறவரை என்ன செய்வது?

"உனக்காகத்தானே அம்மா இவ்வளவு நேரம் காத்திருந்தோம்" என்று அது அன்பாகச் சொன்னது. சொல்லிவிட்டு நடந்தது.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் தன் தட்டோடு ஒருத்தி உட்காருவாள். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "உனக்காகத்தான் நிற்கிறோம்" என்பார்கள். அதே கதைதான் இங்கேயும். முன்னால் போனவர்களுக்கு அரை மணி நேர ஓய்வு, கடைசியாக வந்தவளுக்கு ஒரு மூச்சுகூடக் கிடையாது. மூன்றாவது இடத்தில் அவள் விழுந்தால் அவளுக்குத் தெம்பில்லை என்று பெயர்.

செங்கமலமும் பின்னால் நடந்தது. பதில் பேசவும் மூச்சு வேண்டுமே.

இரண்டாவது தங்குமிடம் ஓடைக்கரை. வந்து சேர்ந்தபோது அதன் நாலு காலும் நடுங்கின. புல்லுக்குள் நுழைந்ததும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. வாலைத் தூக்கச் சொல்லிக் குரங்கு கத்தியது காதில் விழுந்தது. ஆனால் வால் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. உடம்பைத் தூக்கினால்தானே வாலைத் தூக்க முடியும்?

"பத்து" என்றது குரங்கு. அதன் முகம் மாறியது. மறுபடி தன் வாலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி பத்து.

"ஒரு ஆளைக் காணோம்!"

கரையில் பரபரப்பாகிவிட்டது. வழியில் சிறுத்தை அடித்திருக்குமோ என்றது கீரி. அடித்திருந்தால் சத்தம் கேட்டிருக்காதா என்றது காட்டுப்பன்றி. காணாமல் போனது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வால் குறைகிறது, அதனால் ஆள் குறைகிறது, அவ்வளவுதான் சங்கத்துக்குத் தெரியும்.

இதோ இருக்கிறேன் என்று சொல்லத்தான் செங்கமலம் வாயைத் திறந்தது. அதற்குள் யாரும் நகரக் கூடாது என்று குரங்கு உத்தரவு போட்டது. எல்லாம் அப்படியே உட்கார்ந்தன. செங்கமலத்தின் தொடையில் இருந்த நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. வாயை மூடிக்கொண்டது.

மூன்றாவது முறை எண்ணியபோது வால் தற்செயலாக அடியில் இல்லை. அழுத்தமாக அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

தேடிப் போவது தலைவரின் கடமை. சிறுத்தை இருக்கிறதே என்றும் பார்க்காமல் நாலு கால் பாய்ச்சலில் கடமான் கீழே இறங்கியது. அது போவதைச் செங்கமலம் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், இல்லாத ஒன்றைத் தேடி ஓடுகிறதே. ஆனால் இரண்டு முறை பாறை இடுக்கில் ஒண்டிக் கிடந்ததும் நினைவுக்கு வந்தது. ஓடைத் தண்ணீரைக் குடித்தது. கொண்டு வந்த கிழங்கைக் கடித்தது. காலை நீட்டியது. இந்த மலையில் அது காலை நீட்டியது அன்றுதான் முதல் தடவை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நரி ஒரு தினுசாகப் பார்த்தது.

"அக்கா, உங்கள் வாலைக் காணோமே?"

"அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உனக்குக் கால் வலிக்கவில்லையா?"

"வலிக்காமல்? உயிர் போகிறது."

"அப்போ வாயை மூடு. காலை நீட்டு."

நரி யோசித்தது. இத்தனை நாள் அதுவும் வலியைச் சொல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு காலை நீட்டியது.

வழுக்குப் பாறை வரை இறங்கித் தேடிவிட்டுக் கடமான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. வழியில் யாரும் இல்லை, ரத்தமும் இல்லை, தடமும் இல்லை என்றது. அதன் விலாவில் வியர்வை வழிந்தது. இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கலாமே என்று செங்கமலம் மெதுவாகச் சொன்னது. குரங்கு எண்ணியது.

"பதினொன்று! கணக்கு சரி. கிளம்பலாம்."

பதினோராவது ஆள் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. கணக்கு சரியாகிவிட்டால் சங்கத்தில் விசாரணை கிடையாது. எல்லாம் எழுந்து நடந்தன. கடமான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. குடித்து நிமிர்வதற்குள் பாதிப் பேர் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். தலைவர் பின்தங்கலாமா? அதுவும் ஓடியது.

மூன்றாவது ஏற்றம் செங்குத்தானது. கொஞ்ச தூரம் கடமான் வீம்புக்கு முன்னால் போனது. பிறகு நடுவில் வந்தது. பிறகு நரிக்குப் பின்னால். செங்கமலத்தைக் கடமான் முந்திப் போவதுதான் வழக்கம். அன்றைக்குச் செங்கமலம் கடமானை முந்திப் போனது. முந்தும்போது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது தங்குமிடத்துக்குச் செங்கமலம் எட்டாவது ஆளாக வந்து சேர்ந்தது. புல்லில் உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தால் உச்சிப் பாறை தெரிந்தது. இன்னும் ஒரே ஏற்றம். மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது. அது இறங்கிவிட்டால் வழி தெரியாது, அன்றைய நடை முடிந்தது.

எல்லாம் வந்து வெகு நேரம் கழித்துக் கடமான் வந்தது. கால் பின்னியது. கொம்பின் கனத்தைக்கூடத் தாங்க முடியாமல் தலை தொங்கியது.

"வாலைத் தூக்குங்கள். பதினொன்று. எல்லோரும் வந்தாயிற்று, கிளம்பலாம்" என்று குரங்கு ஒரே மூச்சில் சொல்லி முடித்தது.

எல்லாம் எழுந்தன.

"இருங்கள்" என்றது கடமான். "நான் இப்போதுதானே வந்தேன்."

காட்டுப்பன்றிக்கு அந்தப் பெருந்தன்மை எங்கிருந்துதான் வந்ததோ! "உங்களுக்காகத்தானே தலைவரே இவ்வளவு நேரம் காத்திருந்தோம்" என்றது.

அந்த வாக்கியம் எவ்வளவு அழகாக இருக்கிறது, எதிரே நிற்பவரிடம் பதிலே இல்லாமல் செய்துவிடுகிறது என்பதைக் கடமான் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டடி வைத்துப் பார்த்தது. முன்னங்கால் மடங்கியது. பிறகு, தன்னால் முடியாது, திரும்பிவிடலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

தலைவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். அதுதான் முதல் விதி. முயல் முணுமுணுத்தது. கீரி கல்லை உதைத்தது. குரங்கு கிளையிலிருந்து இறங்கி, கீழே போகும் வழியைப் பார்த்து நின்றது.

செங்கமலத்துக்குத் திக்கென்றது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தங்கை. திரும்பினால் பெயர் போகும், தங்கையும் போய்விடும். தலைவர் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் போதும், ஏறிவிடலாம். ஆனால் இவர்களை உட்கார வைப்பது எப்படி? அதற்கு ஒரு வழிதான் இருந்தது. பழையபடி ரகசியமாகச் செய்தால் இந்த நிலைமையில் கடமான் மறுபடி தேடத்தான் ஓடும், ஓடினால் எழுந்திருக்காது. வெளிப்படையாகச் செய்தால் தன் குட்டு உடையும். ஏமாற்றுக்காரி என்று இந்த இடத்திலேயே பெயரை அடித்தாலும் அடிப்பார்கள்.

செங்கமலம் வாலை நன்றாக மடித்து அதன் மேல் உட்கார்ந்தது.

"செயலாளரே, இன்னொரு தரம் எண்ணுங்கள்."

"இப்போதுதானே எண்ணினேன்?"

"எண்ணுங்கள். பத்துதான் வரும்."

குரங்கு கிளையில் ஏறி எண்ணியது. பத்து வந்தது. கடமான் பதறி எழப் பார்த்தது.

"யாரும் தேடிப் போக வேண்டாம்" என்றது செங்கமலம். "பதினோராவது வால் எனக்கு அடியில் இருக்கிறது. தலைவர் மூச்சு வாங்கி முடிக்கும் வரை அது அங்கேதான் இருக்கும். வால் சேராமல் யாரும் நகரக் கூடாது. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. விதி உங்களுடையது. உட்காருங்கள்."

எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. அப்படியென்றால் ஓடைக்கரையில் காணாமல் போனது யார் என்று முயலுக்குத்தான் முதலில் உறைத்தது. வாலை வைத்தா விளையாடுவது என்று குரங்கு கிளையை உலுக்கியது. பெயரை இப்போதே அடிக்க வேண்டும் என்றது காட்டுப்பன்றி. நரி மட்டும் ஒன்றும் தெரியாததுபோல வானத்தைப் பார்த்தது.

கடமான் செங்கமலத்தின் முன்னால் வந்து நின்றது.

"ஓடைக்கரையிலும் நீதானா?"

"நான்தான்."

"உன்னால் நான் ஒரு மலையை இரண்டு தடவை ஏறியிருக்கிறேன்."

"தெரியும். தப்புதான். ஆனால் தலைவரே, நீங்கள் ஒரே ஒரு தடவை கடைசியாக வந்தீர்கள். அதற்கே திரும்பிவிடலாம் என்கிறீர்கள். நான் மூன்று மாதமாகக் கடைசியாக வருகிறேன். வழுக்குப் பாறையில் நான் கேட்டதும் இப்போது நீங்கள் கேட்டதும் ஒரே வார்த்தை. உங்களுக்கு என்ன பதில் கிடைத்தது?"

கடமான் காட்டுப்பன்றியைப் பார்த்தது. காட்டுப்பன்றி வேறு பக்கம் பார்த்தது.

கடமானுக்குச் சொல்ல நிறைய இருந்தது. விதி, ஒழுங்கு, தலைவர் பதவியின் மரியாதை, எல்லாம் நாக்கு வரை வந்தது. ஆனால் கால்கள் அதற்குள் முடிவு செய்துவிட்டன. அது அப்படியே மடங்கிப் புல்லில் உட்கார்ந்தது. உட்கார்ந்த சுகத்தில் கண்ணை மூடித் திறந்தது.

"எல்லோரும் உட்காருங்கள்" என்றது. "நான் எழுந்திருக்கும் வரை யாராவது 'கிளம்பலாம்' என்று சொன்னால் முட்டுவேன்."

எல்லாம் உட்கார்ந்தன. குரங்கும் உட்கார்ந்தது. செங்கமலம் மீதிக் கிழங்கை உருட்டிவிட்டது. கடமான் எதுவும் பேசாமல் தின்றது. பாதி தின்ற பிறகு, இதை ஓடைக்கரையிலேயே கொடுத்திருக்கலாமே என்று மட்டும் கேட்டது. அப்போது நீங்கள் ஓடிக்கொண்டிருந்தீர்களே என்றது செங்கமலம். கடமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரியாகக் கால் மணி நேரம் ஆனதும் கடமான் எழுந்தது. செங்கமலமும் எழுந்து, வாலை உயரமாகத் தூக்கிக் காட்டியது. இந்த முறை கடமான் தாவவில்லை. செங்கமலத்தை முன்னால் விட்டு, அதன் பின்னால் நடந்தது. தலைவரை முந்தினால் மரியாதை இல்லை என்பதால் மற்றவையும் பின்னால்தான் வர வேண்டியிருந்தது. குட்டைக் கால் போடும் நடை எவ்வளவோ அவ்வளவுதான் சங்கத்தின் நடை. கடைசி ஏற்றத்தில் ஒருவரும் விழவில்லை, யாரும் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. மேகம் இறங்குவதற்கு முன்னால் பதினொரு பேரும் உச்சிப் பாறையில் நின்றார்கள்.

பூங்காவனம் வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. அக்காவைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்றுதான் எல்லாம் நினைத்தன. அது இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாயே, மறுபக்கம் போன பிறகு வந்திருக்கலாமே" என்றது. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டது. மூன்று குட்டிகளும் முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்தன. யாரென்று தெரிந்ததும் பெரியம்மாவின் முதுகில் ஏறின. ஒன்று காதைக் கடித்தது. செங்கமலம் கடிக்க விட்டது.

அன்று உச்சிப் பாறையிலேயே சங்கம் கூடியது. செங்கமலம் செய்தது தப்பு என்று தீர்மானம் போட்டார்கள். செங்கமலமும் அதற்கு வாலைத் தூக்கி ஆதரவு தெரிவித்தது. பெயரை அடிக்க வேண்டும் என்று காட்டுப்பன்றி எழுந்தபோது, அப்படியானால் அடுத்த மாதம் எல்லோருக்கும் கடைசியாக நீ வா என்றது கடமான். காட்டுப்பன்றி உட்கார்ந்துவிட்டது. பிறகு மூன்றாவது விதியைத் திருத்தினார்கள். வால் எண்ணி முடிந்ததும் கிளம்புவது இல்லை. எண்ணி முடிந்த பிறகுதான் ஓய்வே ஆரம்பம். குரங்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கடமான் கொம்பை ஆட்டியதும் பிடித்துவிட்டது.

கடைசியாக வந்தவர் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கு முன்பே எழுந்து நடக்கிறவர், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அவருக்காகக் காத்திருந்தவர் ஆகமாட்டார்.